நிற்காத மழையும் மைசூர் மைன்ஸ் மரக்கோயிலும்

என் கணவர் மார்பளவுக்குத் தரைக்குள் புதைந்திருந்தார். இடுப்புக்குக் கீழே அவருக்குத் தரையே இல்லை. நான் பலகைமேல் குப்புறப் படுத்து, அவருடைய கைகளுக்கு அடியில் என் கைகளைக் கொடுத்துக் கட்டிப் பிடித்திருந்தேன். கொஞ்சம் அசைந்தாலும் எங்களுக்குக் கீழே எங்கேயோ ஒரு மரம் முனகியது. வெளியே மழை. உள்ளே எங்கள் இருவரைத் தவிர ஒருவரும் இல்லை. சபையாரே, அந்த நேரத்தில் எனக்கு விசுவாசம் இருந்தது என்று எழுதினால் அது பொய். பயம் மட்டும்தான் இருந்தது.

என் பெயர் ஸ்டெல்லா. கேஜிஎஃப் என்கிற கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவள். விடியற்காலை ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்குப் போய், ஒரு தையல் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை பார்த்துவிட்டு, இருட்டியபின் வீடு திரும்புகிறவள். என் கணவர் சுதாகரும் அதே ரயில்தான். ஒரே மகள், பெங்களூரில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள்.

மைசூர் மைன்ஸ் பகுதியில் இருக்கிற எங்கள் சபையின் ஆலயத்தை இங்கே எல்லோரும் மரக்கோயில் என்றுதான் சொல்வார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி நாளில், சுரங்கத்துக்குள் மரம் முட்டுக்கொடுக்கும் வேலை செய்த நம் ஆட்களே ஷிப்ட் முடிந்து வந்து கட்டியது. சுவர் பலகை. தூண் மரம். தரையும் பலகைதான், மண்ணிலிருந்து கொஞ்சம் உயர்த்திக் குறுக்கு உத்தரங்கள்மேல் அடித்தது. கூரைக்கு மட்டும் தகரம். பக்கவாட்டில் மரச்சட்டப் பின்னல் போட்ட நீளத் தாழ்வாரம் ஒன்று உண்டு. வெயில் ஏறினால் சுவர்ப்பலகைகளின் இடுக்கு வழியாக வெளிச்சம் கோடுகோடாக உள்ளே விழும். பாடல் பாடும்போது தரை நம் காலுக்குக் கீழே சேர்ந்து அதிரும். எனக்கு அதுவே ஆராதனை மாதிரி.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. மறுநாள் அறுப்பின் பண்டிகை. சனிக்கிழமை மத்தியானம் பலிபீடத்துப் பித்தளைப் பூச்சாடிகளைப் புளி போட்டுத் தேய்க்க நான் போனேன். கூரை எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க என் கணவரும் கூட வந்தார். சாரல் அடித்ததால் முன்கதவை நான்தான் இழுத்துச் சாத்தினேன். கைப்பையையும் கைப்பேசியையும் கதவோரத்து பெஞ்சில் வைத்தேன்.

பலிபீடத்துக்கு முன்னால், பாடகர் குழு உட்காரும் இடத்தில் தண்ணீர் சொட்டியது. ஆர்மோனியப் பெட்டி நனைகிறதே என்று அதைத் தூக்கப் போனார். பெட்டியைத் தூக்கி நகர்த்தி வைத்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்படியே உள்ளே போனார்.

பெரிய சத்தம்கூட இல்லை. ஈர அட்டை கிழிகிற மாதிரி ஒரு சத்தம். நான் திரும்பியபோது அவருடைய தலையும் தோளும்தான் தரைமேல் இருந்தன. இடது கையை ஒரு உத்தரத்தின்மேல் மாட்டிக்கொண்டு தொங்கினார்.

தரைக்குக் கீழே முழங்கால் உயரம்தான் வெற்றிடம் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். அங்கே மண்ணே உள்வாங்கிப்போயிருந்தது. அது என்ன பள்ளம் என்று இன்றுவரை யாருக்கும் உறுதியாகத் தெரியாது. கம்பெனிக் காலத்தில் தோண்டி, மேலாக மூடிவிட்ட குழியாக இருக்கலாம் என்கிறார்கள். மழைத்தண்ணீர் இறங்கி அதைத் திறந்துவிட்டது.

"இன்னாங்க! இன்னா ஆச்சு?" என்று கத்திக்கொண்டே ஓடிப்போய்ப் படுத்துப் பிடித்தேன்.

"கால்ல எதுவும் படல ஸ்டெல்லா," என்றார். "எதுவுமே படல."

அவர் சட்டைப் பையிலிருந்த கைப்பேசி நழுவி விழுந்திருந்தது. உடைந்த பலகையின் ஓரமாக நான் கீழே எட்டிப் பார்த்தேன். ஒரே இருட்டு. கொஞ்ச நேரத்தில் அந்த இருட்டுக்குள், நான் நினைத்ததைவிட ரொம்பக் கீழே, ஒரு சின்ன நீல வெளிச்சம் விட்டுவிட்டு மின்னியது. சனிக்கிழமை மத்தியானம் எங்கள் மகள் அப்பாவுக்குப் போன் செய்வாள். மழைச் சத்தத்தில் மணி கேட்கவில்லை. வெளிச்சம் மட்டும் மின்னி, அணைந்து, மறுபடி மின்னியது. பள்ளம் எவ்வளவு ஆழம் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவரிடம் சொல்லவில்லை.

என் அம்மாவை நினைத்தேன். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்த நாட்களில், நேரமில்லாத நேரத்தில் விபத்துச் சங்கு ஊதினால் அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, எங்களைக் கையில் பிடித்துக்கொண்டு சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவாள். ஆட்களை ஏற்றிக்கொண்டு கேஜ் மேலே வரும்வரை அவள் கை எங்கள் கையை நசுக்கும். அப்பா ஒவ்வொரு முறையும் வந்துவிட்டார். சுரங்கத்தை மூடியபோது ஊரே அழுதது. நான் மட்டும் உள்ளுக்குள், இனி யாரையும் மண்ணுக்குக் கீழே கொடுக்க வேண்டியதில்லை என்று சந்தோஷப்பட்டேன். இப்போது என் கணவர் கோயிலுக்குள்ளேயே மண்ணுக்குக் கீழே போய்க்கொண்டிருந்தார்.

அவர் கனமானவர். இழுத்துப் பார்த்தேன். ஒரு விரல் அளவுகூட மேலே வரவில்லை. என் துப்பட்டாவை அவருடைய அக்குளுக்குள் விட்டுச் சுற்றி, பலிபீடத்துக் கிராதியின் காலில் கட்டினேன். பாரம் ஏறியதும் கிராதிக் கால் தரையிலிருந்து மெல்ல எழும்பியது. கையை எடுத்தால் கிராதியும் அவரோடு போய்விடும். கைப்பேசி பெஞ்சில் இருந்தது. என் கண்ணுக்கு எட்டியது, கைக்கு எட்டவில்லை.

"என்ன விட்டுட்டுப் போ," என்றார். "போய் யாரையாவது இட்டுக்கினு வா. நான் பிடிச்சிக்கினு இருப்பேன்."

"நான் கைய எடுத்தா நீங்க போயிடுவீங்க."

"வலது காலு மரத்துப் போச்சு ஸ்டெல்லா. ரொம்ப நேரம் தாங்காது."

"பேசாதீங்க. பேசினா ஆடுது."

நான் கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். தகரக் கூரைமேல் மழை விழுந்தால் உள்ளே பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. அப்புறம் ஜெபித்தேன். அழகான ஜெபம் இல்லை. ஒரே வார்த்தை. "ஆண்டவரே, மழையை நிறுத்தும். ஆண்டவரே, மழையை நிறுத்தும்." மழை நின்றால் என் குரல் வெளியே போகும். சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் அவ்வளவு தூரமில்லை. யாராவது வருவார்கள். எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

மழை நிற்கவில்லை. இன்னும் வலுத்தது. கூரையில் கல்லைக் கொட்டுகிற மாதிரி கொட்டியது. புதிதாக ஒரு ஒழுகல் என் முதுகின்மேலேயே விழ ஆரம்பித்தது. உத்தரம் இன்னொரு முறை முனகியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. மகளின் பெயரைச் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது. "கேட்கிறீரா இல்லையா? நான் வேறென்ன கேட்டேன்?" என்று சத்தம் போட்டேன். கடவுளிடம் அப்படிப் பேசியவள் நான். அதன்பின் அழுகையும் வரவில்லை. கை விறைத்துப்போனது. விட்டுவிடுவேனோ என்ற பயம், அவர் விழுவாரோ என்ற பயத்தைவிடப் பெரிதாகிவிட்டது.

அப்போதுதான் பக்கச் சுவரைப் பார்த்தேன். பலகை இடுக்குகளில் தெரிந்த மங்கலான வெளிச்சக் கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்து, திரும்பத் தெரிந்தன. யாரோ தாழ்வாரத்தில் நடக்கிறார்கள். நடந்துவந்த அந்த நிழல் எங்களுக்கு நேராக வந்து நின்றது.

"ஐயோ, யாருங்க? உள்ள வாங்க! காப்பாத்துங்க!" என்று அலறினேன். நிழல் அசையவில்லை. கேட்கவில்லை.

பூச்சாடிகள் பலிபீடப் படியில், என் கை எட்டும் இடத்தில் இருந்தன. ஒரு கையால் அவரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஒன்றை வீசினேன். சுவரைத் தொடாமல் விழுந்து, உருண்டு, எங்கள் பக்கமே வந்து பள்ளத்துக்குள் போயிற்று. அது அடியில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. இரண்டாவதை எடுத்தேன். அதற்குமேல் வீச எதுவும் இல்லை. "இயேசுவே" என்று சொல்லி, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து எறிந்தேன். அது நேராகப் பலகையில் மோதியது.

நிழல் துள்ளி விலகியது.

அந்த மனிதர் பிறகு சொன்னார்: அவருக்குச் சத்தம் எதுவும் கேட்கவில்லையாம். சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். முதுகில் யாரோ ஓங்கி அடித்த மாதிரி பலகை அதிர்ந்ததாம். சபையாரே, அது கல் சுவராக இருந்திருந்தால் அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

ஈரத்தில் ஊதி இறுகிப்போயிருந்த முன்கதவைத் தோளால் இடித்துத் திறந்துகொண்டு அவர் வந்தார். முழுக்க நனைந்த ஒரு நடுவயது மனிதர். "யாரு ஒளகே?" என்று, உள்ளே யார் என்று கன்னடத்தில் கேட்டார். எங்களைப் பார்த்ததும் ஓடிவரப் போனார்.

"ஓடாதீங்க!" என்று என் கணவர் கத்தினார். அவ்வளவு நேரம் கண்ணை மூடிக் கிடந்தவர். "பலக தாங்காது. ஆணி அடிச்ச வரிச தெரியுதா? அதுக்கு அடியிலதான் உத்தரம். அது மேலயே வாங்க."

அவர் தவழ்ந்து வந்தார். பாதியில் நின்று பள்ளத்தைப் பார்த்தார். முகம் வெளிறியது. "கயிறு கீதும்மா வண்டில. கொண்டாறேன். உட்டுடாதே," என்றார். அவர் வெளியே போன அந்த நேரம்தான் எனக்கு எல்லாவற்றிலும் கொடுமையான நேரம். பயந்து ஓடிவிட்டாரோ? திரும்பி வருவாரா?

வந்தார். தக்காளிப் பெட்டிகளைக் கட்டுகிற தடித்த கயிறு. அதைக் கூரை தாங்கும் தூண் ஒன்றில் சுற்றி, மறுமுனையை என் கணவரின் அக்குளுக்குள் விட்டு முடிச்சுப் போட்டார். "நான் இழுக்கும்போது நீயும் இழும்மா," என்றார். இழுத்தோம். என் கணவர் ஒரே ஒரு முறை அலறினார். உடைந்த பலகை அவர் தொடையைக் கிழித்துக்கொண்டிருந்தது. இடுப்பு மேலே வந்தது. முழங்கால் வந்தது. நாங்கள் அவரை ஆணி வரிசைமேல் இழுத்துக்கொண்டு கதவுவரை போனோம். கதவைத் தாண்டவில்லை, பின்னால் தடதடவென்று சத்தம். அந்த உத்தரமும் கிராதியும் அவர் தொங்கிய இடத்துப் பலகைகளும் மொத்தமாக உள்ளே போயின. என் துப்பட்டாவும் அதோடு போயிற்று.

நான் வாசற்படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன்.

ராபர்ட்சன்பேட்டை ஆஸ்பத்திரிக்கு அந்த மனிதரின் சரக்கு ஆட்டோவிலேயே, தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவில் என் கணவரைப் படுக்க வைத்துக் கொண்டுபோனோம். வலது காலில் எலும்பு முறிவு, தொடையில் தையல். மகள் வந்து சேரும்வரை அந்த மனிதர் எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பெயர் முனிராஜு. பூதிகோட்டைப் பக்கம் தோட்டம். தக்காளியை மார்க்கெட்டுக்கு ஏற்றிக்கொண்டு வந்த வழியில்தான் இது நடந்திருக்கிறது.

"அண்ணா, நீங்க எப்படி அங்க வந்து நின்னீங்க?" என்று கேட்டேன்.

"மழைதாம்மா," என்றார். "கொஞ்சம் கம்மியா பெஞ்சிருந்தா நிக்காம போயிருப்பேன். லேட் ஆனா ரேட் கிடைக்காது. திடீர்னு கொட்டிச்சு பாரு, கண்ணாடில ஒண்ணுமே தெரியல. ரோடே தெரியல. வேற வழியில்லாம ஓரங்கட்டிட்டு, இன்னாடா எடம்னுகூட பாக்காம ஓடியாந்து நின்னேன்."

நான் எழுந்து ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மழையை நிறுத்தும், நிறுத்தும் என்று நான் கெஞ்சினேன். ஆண்டவர் நிறுத்தியிருந்தால் முனிராஜு அண்ணன் போயிருப்பார். நான் கத்தியிருப்பேன். யாருக்காவது கேட்டிருக்கலாம், கேட்காமலும் போயிருக்கலாம். அந்த உத்தரம் எவ்வளவு நேரம் தாங்கியிருக்கும்? நான் கோபப்பட்டுச் சத்தம் போட்டேனே, அந்த நேரத்தில் எனக்கு உதவி வண்டியிலிருந்து இறங்கி நடந்து வந்துகொண்டிருந்தது. அதைக் கொண்டுவந்தது நான் வேண்டாம் என்ற அதே மழை. அன்றைக்கு நான் அழுத அழுகையை இதற்கு முன்னும் பின்னும் அழுததில்லை.

கோயிலை இடித்துவிட்டு கான்கிரீட்டில் கட்டலாம் என்று சபையில் பேச்சு வந்தது. இடிக்க வேண்டும் என்று முதலில் சொன்னவள் நான்தான். இன்ஜினியர் வந்து பார்த்தார். சுவரும் தூண்களும் உறுதியாக இருக்கின்றன, தரைதான் கெட்டது என்றார். பள்ளத்தைக் கல்லும் மண்ணும் போட்டு நிரப்பி இறுக்கினார்கள். மழைத்தண்ணீர் அடியில் போகாமல் சுற்றிலும் கால்வாய் வெட்டினார்கள். உள்வாங்கிய பக்கம் புது உத்தரம் வைத்து, நல்ல நிலையில் இருந்த பழைய பலகைகளையே மறுபடி அடித்தார்கள். அதுவரை ஆராதனை பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நடந்தது.

திறப்பு நாளன்று ஊன்றுகோலோடு என் கணவர் முதலில் உள்ளே போனார். நான் வாசலில் நின்றுவிட்டேன். பயம் போகட்டும், அப்புறம் உள்ளே வருகிறேன் என்று ஜெபித்தேன். போகவில்லை. பாடல் ஆரம்பித்தது. தரை அதிர்வது வாசற்படிவரை தெரிந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். ஆயரின் மனைவி, எங்கள் ஆயர் அம்மா வந்து, "இன்னா ஸ்டெல்லா, இங்கயே நிக்கிற?" என்றார்.

"பயமா இருக்கு அம்மா."

"எனக்குந்தான். கையக் குடு," என்றார்.

இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக வைத்துப் போனோம். என் கணவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்னால் பாட முடியவில்லை. உட்கார்ந்தேன், அவ்வளவுதான். அது போதுமாயிருந்தது.

இப்போதும் மழை வலுத்தால் என் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஆனால் நிறுத்தும் என்று நான் கேட்பதில்லை. "எனக்குத் தெரியாது, உமக்குத் தெரியும்" என்று மட்டும் சொல்கிறேன். அப்படிச் சொல்லவே இத்தனை வருஷம் ஆயிற்று எனக்கு.

இதை வாசிக்கிற சகோதரியே, சகோதரனே, நீங்கள் கேட்டது நடக்கவில்லை என்று இன்று கைவிறைத்துக் கிடக்கிறீர்களா? விட்டுவிடாதீர்கள். கோபம் வந்தால் அவரிடமே சொல்லுங்கள், அவர் தாங்குவார். பயம் தெளிந்தபின் அவரிடம் வரலாம் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். நடுங்கிக்கொண்டே வாருங்கள். நான் அப்படித்தான் வந்தேன். இன்றும் ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்படித்தான் போகிறேன்.