ஜாக்கெட் கொக்கி

நான், என் சம்சாரம், அவள் தங்கை. கம்பெனி ஸ்டோர் கீப்பர். விரலில் கட்டுப் போட்ட ஃபிட்டர். நடுவில், திரும்பி வந்த துணி மூட்டை ஒன்று.

தொண்ணூற்றைந்து வாக்கில் நான் மைசூரில் பழந்துணி வாங்கி, கிழித்து, நஞ்சன்கூட்டில் ஒரு கம்பெனிக்கு மாதம் ஆறு மூட்டை போட்டுக்கொண்டிருந்தேன். மெஷினில் எண்ணெய் துடைக்கிற துணி. பித்தான், கொக்கி எல்லாம் எடுத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். எடுத்துவிட்டோம் என்றுதான் நினைத்திருந்தோம். ஃபிட்டர் விரலில் ஜாக்கெட் கொக்கி ஏறிவிட்டது.

சீட்டு ஒன்று அனுப்பிச் சரக்கை நிறுத்தியிருக்கலாம். ஸ்டோர் கீப்பரும் ஃபிட்டரும் மூட்டையோடு கம்பெனி வேனில் வீட்டுக்கே வந்தார்கள். எனக்கு வேறு கம்பெனி கிடையாது.

ஸ்டோர் கீப்பர் கன்னடக்காரர். தமிழும் பேசுவார். "நோடுப்பா, இனி உன் துணி பேடா. வேண்டாம்," என்றார்.

"மூட்டைய இங்கயே கொட்டுங்க சார். எத்தன கொக்கி கெடக்குதுன்னு நீங்களே பாருங்க," என்றாள் சம்சாரம்.

கொட்டினார்கள். எல்லோரும் உட்கார்ந்தோம். நாங்கள் விரலால் தடவிப் பார்த்தோம். ஸ்டோர் கீப்பர் கண்ணால் பார்த்தார். ஒரு ஜாக்கெட் துண்டை இரண்டு பக்கமும் திருப்பிவிட்டு, "இது க்ளீன்," என்று போட்டார். கொழுந்தியாள் அதை எடுத்துத் தடவினாள். மடிப்புத் தையலுக்குள் கொக்கி இருந்தது.

"சார், உங்க தமிழக் காட்டியும் உங்க கண்ணு மோசமுங்க," என்றாள்.

ஃபிட்டர் கட்டு விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஸ்டோர் கீப்பரும் சிரித்துவிட்டார். "கஷ்டமான கெலசம், கஷ்டமான வேலைதான்மா," என்றார். வேனில் ஏறும்போது சிரிப்பு இல்லை. "திங்கக்கெழம ஆறு மூட்டை கொண்டு வா. ஒரு கொக்கி இருந்தாலும் அதோட முடிஞ்சுது."

மூன்று நாள் தடவினோம். ஞாயிற்றுக்கிழமை ஃபிட்டர் மட்டும் வந்தார். அவர் கௌதள்ளிக்காரர், எங்கள் ஊர்ப் பக்கம். கையில் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம்.

"எதுக்குங்ணா? எல்லாம் பாத்தாச்சு," என்றாள் சம்சாரம்.

"நீ பாத்துட்ட அம்மிணி. இதும் ஒருக்கா பாக்கட்டும். குத்துனா என்ர வெரலு."

ஒவ்வொரு துணியாகக் காந்தத்தின் மேல் இழுத்தோம். முதல் மூட்டையிலேயே இரண்டு ஒட்டின. சம்சாரம் டீ போட எழுந்து போனாள்.

"ரெண்டு கொக்கிக்கு ஒரு டீயா?" என்றார் ஃபிட்டர். "அப்பறம் நான் நெறைய குடிக்கோணும்."

நிறையத்தான் குடித்தார். முடிக்கும்போது விளக்குப் போட்டாகிவிட்டது. அந்த ஆள் வராமல் இருந்திருந்தால் என் பிழைப்பு அத்தோடு போயிருக்கும்.

திங்கட்கிழமை பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு போனேன். ஸ்டோர் கீப்பர் ஒவ்வொரு மூட்டையிலும் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார். நான் அவர் முகத்தையே பார்த்து நின்றேன். கையை வெளியே எடுத்து விரல்களைத் திருப்பிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து அடுத்த மாதச் சீட்டை எழுதி நீட்டினார்.

பத்து மூட்டை.