பெயிண்டுக்கு அடியில் ஓர் அம்பு

எங்கள் வீட்டில் அம்மாவிடமிருந்து பெரியப்பாவுக்கு ஒரு செய்தி போய்ச் சேர மூன்று கட்டங்கள் இருந்தன. முதலில் அம்மா என்னிடம் சொல்வார். பிறகு நான் பெரியப்பாவிடம் சொல்வேன். அதன் பிறகுதான் பெரியப்பாவுக்கு அது காதில் விழுந்ததாகக் கணக்கு. மூன்று பேரும் ஒரே அறையில் நின்றாலும் இதுதான் வழி. கணவனின் அண்ணனிடம் நேருக்கு நேர் பேசக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அம்மா கல்யாணமாகி வந்த பதினோரு வருடங்களில் அவரிடம் ஒரு சொல்கூட நேராகப் பேசியதில்லை.

"உங்க பெரியப்பாவுக்கு இன்னொரு தோச வேணுமான்னு கேளு கண்ணு."

"பெரியப்பா, இன்னொரு தோச வேணுங்களா?"

"போதும்னு உங்கம்மாகிட்டச் சொல்லீரு."

நான் திரும்புவதற்குள் அம்மா தோசையைக் கல்லிலிருந்து எடுத்து அப்பாவின் தட்டில் போட்டிருப்பார். இருந்தாலும் நான் "போதுமாம்" என்று சொல்லி முடிப்பேன். சொல்லாவிட்டால் அது முறையாகாது. எனக்கு அப்போது ஒன்பது வயது. நான் இல்லாவிட்டால் இந்த வீடு நின்றுபோகும் என்று உறுதியாக நம்பினேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கருமத்தம்பட்டியில் வீட்டை ஒட்டிய கொட்டகையில் எட்டு விசைத்தறிகள் எங்களுக்கு இருந்தன. அப்பாவும் பெரியப்பாவும் தறி ஓட்டினார்கள். துணியில் குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சிறு குச்சிகளில் தாராகச் சுற்றும் தார் மெஷின் அம்மாவுடையது. பெரியப்பாவுக்குக் கல்யாணமாகவில்லை. அதனால் அவரிடம் எப்போதும் ஏதாவது ஒரு திட்டம் இருக்கும். அந்த வருடத்துத் திட்டம் ஒரு பழைய பிக்கப் வண்டியும் ஒரு வின்ச்சும்.

சுற்றுவட்டாரத் தோட்டங்களில் போர்வெல் மோட்டார் கெட்டால் அதை மேலே எடுப்பது பெரும்பாடு. மூன்று கால் நட்டு, சங்கிலி போட்டு, ஐந்தாறு ஆட்கள் ஒரு நாள் முழுக்க இழுக்க வேண்டும். வண்டியிலேயே ஒரு வின்ச் இருந்தால் இரண்டு ஆட்கள் போதும் என்பது பெரியப்பாவின் கணிப்பு. கணிப்பு சரிதான். ஒரு மோட்டார், ஒரு உருளை, அதில் சுற்றிய இரும்பு ரோப், உள்ளே ஒரு பிரேக், இவ்வளவுதான் வின்ச். வண்டியின் பேட்டரியில் ஓடும்.

உக்கடத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த பாய் ஒருவரிடம் அது கிடைத்தது. அவர் சாமானை விற்றதோடு விடாமல் ஒரு தகவலும் சொல்லி அனுப்பியிருந்தார். அன்று மத்தியானம் சாப்பிடும்போது பெரியப்பா அதை ஒரு வேடிக்கை போலச் சொன்னார்.

"உருளைக்குப் பக்கத்துல ஒரு அம்புக்குறி இருக்குதுங்ணா, பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி பாத்துக்குங்கங்கறாரு பாய். நான் என்ன அம்பு உடவா போறேன்?"

அப்பா சிரித்தார். சமையலறையில் அம்மா சிரிக்கவில்லை. ஆனால் அதற்குள் வண்டிக்கு அடித்த பச்சை பெயிண்டின் மிச்சம் வின்ச்சின் மேல் ஏறி, காய்ந்து, அதன் மேல் சந்தனமும் குங்குமமும் வைக்கப்பட்டிருந்தன. பூசை போட்ட சாமானைச் சுரண்டிப் பார்க்க யாருக்கு மனம் வரும்?

சனிக்கிழமை ரோப் சுற்றும் வேலை நடந்தது. கொட்டகை வாசலில் வண்டி நின்றது. ரோப்பைத் தரையில் குவியலாகப் போட்டு, ஒரு நுனியை உருளையின் மேல்பக்கமாகக் கொடுத்து மாட்டினார் பெரியப்பா. இழுக்கும் பொத்தானை அமுக்கினார். ரோப் உள்ளே வருவதற்குப் பதில் வெளியே போயிற்று. அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. தறி மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் இரண்டு ஒயர்களை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும் என்பது எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். இங்கேயும் இரண்டு ஒயர்களை மாற்றிப் போட்டார். ரோப் உள்ளே வந்தது.

"பாத்தியா கண்ணு? மெட்ராஸ்ல இருந்து மெக்கானிக்கக் கூப்பிடோணும்னாங்க."

உள்ளே தார் மெஷினில் உட்கார்ந்திருந்த அம்மா ஜன்னல் வழியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கையாட்டி என்னைக் கூப்பிட்டார். எட்டுத் தறிகளும் ஓடிக்கொண்டிருந்ததால் என் காதில் வாயை வைத்துத்தான் பேச வேண்டியிருந்தது. மூன்று விஷயங்கள் சொன்னார், விரல் மடக்கி. நானும் விரல் மடக்கிக் கேட்டுக்கொண்டேன்.

ஒன்று: ரோப்பை லூசாகச் சுற்றக் கூடாது. இழுப்பு கொடுத்துச் சுற்றாவிட்டால் எடை ஏறும்போது மேல் அடுக்கு கீழ் அடுக்குக்குள் இறங்கி மாட்டிக்கொள்ளும்.

இரண்டு: எர்த் ஒயரைப் பெயிண்டின் மேலேயே வைத்து முறுக்கியிருக்கிறார்கள். பெயிண்டைச் சுரண்டிவிட்டு இரும்பில் வைக்க வேண்டும்.

மூன்று: அந்த அம்பு எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று பார்த்தார்களா?

நான் போய் முதலாவதைச் சொன்னேன்.

"இது தார் இல்ல, இரும்புக் கவுறுன்னு சொல்லு உங்கம்மாகிட்ட."

திரும்பிப் போய்ச் சொன்னேன். வந்து இரண்டாவதைச் சொன்னேன்.

"மோட்டார் ஓடுதா இல்லியா? ஓடுதில்ல? அப்பறம் என்ன எர்த்து?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "ஏன் கண்ணு நடையா நடக்கற? வண்டில ஏறு, அவினாசி ரோடு வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்."

முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். பச்சை பெயிண்ட் வாசனை அடித்தது. மடக்கியிருந்த மூன்றாவது விரலை எங்கே நிமிர்த்தினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தறி ஓடாத நாள். முதல் போணி நம் வீட்டிலேயே ஆகட்டும் என்று பெரியப்பா சொல்லியிருந்தார். எங்கள் போர்வெல் மோட்டார் பத்து நாட்களாகக் கெட்டுக் கிடந்தது. முந்நூறு அடி ஆழத்தில் மோட்டார். அதன் மேல் இருபதடிக் குழாய்கள் பதினைந்து, ஒன்றோடொன்று சாக்கெட்டால் திருகி நிறுத்தப்பட்டிருந்தன. அந்த எடை முழுவதையும், குழிவாயில் குறுக்கே உட்கார்ந்திருந்த ஓர் இரும்புக் கிளாம்ப் தாங்கிக்கொண்டிருந்தது. மேல் குழாயின் சாக்கெட் கிளாம்ப்பின் மேல் உட்கார்ந்திருக்கும். குழாய் நழுவி உள்ளே விழுந்தால் மோட்டாரும் போச்சு, போர்வெல்லும் போச்சு.

வண்டி பின்பக்கமாகக் குழிக்கு வந்தது. வண்டியில் நட்டிருந்த இரும்புச் சட்டத்தின் உச்சியில் கப்பி. அதன் வழியாக ரோப் இறங்கியது. அக்கம்பக்கத்து ஆட்கள் சுவரோரமாக நின்றார்கள்.

"ஏனுங்ணா, இது வண்டிய இழுக்கற மிசினாச்சே, குழாயத் தூக்குமுங்களா?" என்றார் பக்கத்துக் கொட்டகைக்காரர்.

"உன்னையவே தூக்கும். கொஞ்சம் அக்கட்டால நில்லு."

பெரியப்பா பொத்தானை அமுக்கினார். குழாய் ஒரு சாண் மேலே வந்தது. சாக்கெட்டுக்கும் கிளாம்ப்புக்கும் நடுவில் இடைவெளி தெரிந்தது. அப்பா குனிந்து கிளாம்ப்பின் ஒரு போல்ட்டைத் தளர்த்தினார். பெரியப்பா பொத்தானிலிருந்து கையை எடுத்தார்.

குழாய் இறங்கியது.

வேகமாக இல்லை. யாரோ தூங்கி வழிவது போல மெதுவாக இறங்கியது. பெரியப்பா திடுக்கிட்டு மறுபடி அமுக்கினார். ஏறியது. விட்டார். இறங்கியது, இந்த முறை கொஞ்சம் வேகமாக. அமுக்கினார். மேலே ஏறும்போதெல்லாம் அப்பா அந்த இடைவெளியில் கையை விட்டுக் கிளாம்ப்பைச் சரிசெய்யப் பார்த்தார். கீழே வரும்போது சாக்கெட்டுக்கும் கிளாம்ப்புக்கும் நடுவில் அவர் விரல்கள் இருந்தன. சுவரோரம் நின்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் "தூக்கு தூக்கு" என்றார்கள்.

கொட்டகை வாசலில் நின்றிருந்த அம்மாவைப் பார்த்தேன். என்னிடம்தான் ஏதோ சொல்லப்போகிறார், ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்று ஒரு காலை முன்னால் வைத்தும் விட்டேன்.

"ஏனுங்க, கைய எடுங்க," என்றார் அம்மா அப்பாவிடம். அப்பா எடுத்தார். அடுத்து பெரியப்பாவைப் பார்த்து, அதே குரலில், ஓர் இம்மிகூட ஏற்றாமல், "மாமா, பொத்தான உட்டுருங்க. எறங்கட்டும். ஒரு போல்ட்டு இறுக்கமாத்தான் இருக்குது. சாக்கெட்டு கிளாம்ப்பு மேல வந்து உக்காந்துக்கும்."

தறிகள் ஓடாத நாள் என்பதால் ஒவ்வொரு சொல்லும் தெருக்கோடி வரை கேட்டது.

பெரியப்பா கையை எடுத்தார். குழாய் இறங்கி, கிளாம்ப்பின் மேல் டொக்கென்று உட்கார்ந்தது. அப்பா தன் பத்து விரல்களையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "உங்கம்மாகிட்டக் கேளு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். பிறகு என் தலைக்கு மேலாக அம்மாவைப் பார்த்து, "இப்ப என்ன அம்மணி பண்றது?" என்று கேட்டார்.

அம்மா உள்ளே போனார். தார் மெஷினில் பிசிறு அறுக்கும் கத்தியை எடுத்து வந்து, வண்டியில் ஏறி, உருளையின் பக்கத்திலிருந்த பெயிண்டைச் சுரண்டினார். முதலில் குங்குமம் உதிர்ந்தது, பிறகு பச்சை. அதற்கடியில் வார்ப்பிலேயே எழும்பிய ஓர் அம்பு. பெரியப்பா சுற்றியிருந்த திசைக்கு நேர் எதிராக அது பார்த்துக்கொண்டிருந்தது.

வின்ச்சுக்குள் இருக்கும் பிரேக் ஒரு திசையில் மட்டுமே எடையைப் பிடிக்கும். ரோப்பை எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் ஒயரை மாற்றிப் போட்டு மோட்டாரை ஏமாற்றலாம். பிரேக்கை ஏமாற்ற முடியாது. எனக்கு இது பிற்பாடு பொறியியல் கல்லூரியில்தான் புரிந்தது. அம்மாவுக்கு வின்ச்சைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் செய்தவன் ஒரு பொருளில் அம்பு போட்டிருந்தால் சும்மா போட்டிருக்க மாட்டான் என்று தெரியும். இன்று தூக்கும் கருவிகளைச் சோதிப்பதுதான் என் வேலை. என் சோதனைப் பட்டியலின் முதல் வரி, "சுற்றுத் திசை, அம்புக்குறியுடன் ஒப்பிடுக." அதை யாரிடம் கற்றேன் என்று படிவத்தில் எழுத இடமில்லை.

பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியும். ரோப்பை முழுவதும் அவிழ்த்தார்கள். மாற்றிப் போட்ட ஒயர்களைப் பழையபடி மாட்டினார்கள். எர்த் ஒயர் உட்காரும் இடத்தை இரும்பு பளபளக்கும்வரை சுரண்டினார்கள். அதுவரை முனகிக்கொண்டு சுற்றிய மோட்டார் அதன் பிறகு முனகவில்லை. வண்டியைத் தெருவுக்குக் கொண்டுபோய், ரோப்பை நீளமாக விரித்து, ஒரு நுனியை உருளையின் அடிப்பக்கமாகக் கொடுத்து மாட்டி, மறு நுனியை ரோட்டோரப் புளியமரத்தில் கட்டினார்கள். வண்டி நியூட்ரலில். பேட்டரி இறங்காமல் இருக்க இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பெரியப்பா உள்ளே உட்கார்ந்து வண்டியின் பிரேக்கைப் பாதி மிதித்துக்கொண்டார். அப்பா பொத்தானை அமுக்க, வண்டி தன்னையே இழுத்துக்கொண்டு மரத்தை நோக்கி அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. ரோப் விறைப்பாக உள்ளே வந்தது.

அம்மா உருளையின் பக்கத்தில் நின்றார். கையில், ஊடை நூலைச் சுமந்து தறியில் ஓடித் தேய்ந்த பழைய மரநாடா. வெறுங்கையால் ரோப்பைத் தொடவில்லை. நாடாவின் முனையால் ஒவ்வொரு சுற்றையும் முந்தைய சுற்றோடு ஒட்டித் தள்ளினார். ஒரு வரிசை முடிந்து ஓரத்துக்கு வரும்போதெல்லாம் கொஞ்சம் நிறுத்தச் சொல்லி, அடுத்த வரிசை ஏறும் இடத்தைத் தட்டிச் சரிசெய்தார்.

"இன்னுங் கொஞ்சம் மிதிங்க மாமா. லூசு உளுகுது."

"மிதிச்சாச்சு அம்மணி."

"போதுங்க. அப்படியே வாங்க."

பக்கத்துக் கொட்டகைக்காரர் என்னிடம், "உங்கம்மா வண்டியவே தார் சுத்தறாங்க போ," என்றார். கேலியாகத்தான் ஆரம்பித்தார். ரோப் முழுவதும் ஏறி முடிந்தபோது அவரும் எட்டிப் பார்த்தார். கடையில் அடுக்கி வைத்த புது நூல் கட்டை போல, ஒரு சுற்றின் மேல் இன்னொரு சுற்று ஏறாமல், உருளை முழுக்க வரிவரியாக இருந்தது. நான் அதன் பிறகு எத்தனையோ உருளைகளைப் பார்த்துவிட்டேன். அதைவிட நேராகச் சுற்றிய ஒன்றைப் பார்த்ததில்லை.

மத்தியானத்துக்குள் பதினைந்து குழாய்களும் வெளியே வந்தன. ஒவ்வொரு முறையும் பெரியப்பா பொத்தானை விட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார். குழாய் விட்ட இடத்தில் நிற்கும். கடைசியில் மோட்டார் சேறு வடிய மேலே வந்தபோது சுவரோரம் நின்றவர்கள் கை தட்டினார்கள். பெரியப்பா வண்டியிலிருந்து இறங்கவில்லை. "நானில்லீங்க. சுத்துனது அங்க நிக்குது," என்று அம்மாவைக் காட்டினார். அம்மா நாடாவைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

பிறகு ரோப் மாற்றினால், எந்தத் தோட்டத்துக்குப் போவதானாலும் பெரியப்பா அம்மாவைக் கூப்பிட்டுச் சுற்றச் சொல்லாமல் வண்டியை எடுக்க மாட்டார். சூலூர்ப் பக்கம் யாரோ ரோப் எப்படி இவ்வளவு நேராக வந்தது என்று கேட்டதற்கு, அது எங்கள் வீட்டில் மட்டும் கிடைக்கும் என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

அந்த ஞாயிறு ராத்திரி பெரியப்பா சாப்பிட உட்கார்ந்தார். நான் வழக்கம்போல இருவருக்கும் நடுவில் என் இடத்தில் நின்றேன்.

"இன்னொண்ணு வெக்கட்டுங்களா மாமா?"

"வையி அம்மணி."

தோசை என் தலைக்கு மேலாகப் போய்த் தட்டில் விழுந்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. மறுநாள் காலையிலும் கேட்கவில்லை. மூன்றாவது செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்காததற்காக என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று எனக்குப் புரிந்தது. தண்டனை நியாயம்தான். ஆனாலும் ஒரு எச்சரிக்கைகூடக் கொடுக்காமல் நீக்கியது வலித்தது.

இரண்டு நாட்கள் பொறுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் தார் மெஷினுக்குப் பக்கத்தில் போய் நின்று, அம்மாவின் காதில் வாயை வைத்து, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். இனிமேல் எத்தனை விஷயம் சொன்னாலும் ஒன்று விடாமல் போய்ச் சொல்வேன், வேலையைத் திரும்பக் கொடுங்கள் என்று கேட்டேன்.

அம்மா மெஷினை நிறுத்தினார். என்னையே பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வரும்வரை, சத்தமாக, கொட்டகையில் பெரியப்பா இருக்கிறார் என்பதையும் பொருட்படுத்தாமல் சிரித்தார். நான் கேட்டதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியாமல், அவர் முடிக்கட்டும் என்று விரலை மடக்கிக்கொண்டு காத்திருந்தேன்.