இல்லாத நோய்க்குப் பார்க்கிற வேலை

"நோய் இல்லைக்கா, ஆனா நோயாளி வேலையை மட்டும் விட்டுராதீங்க" என்று எனக்கு முதலில் சொன்னது ஸ்கேன் அறை நர்ஸ் செல்வி. போன வருஷம் சாம்பல் புதனுக்கு மறுநாள், ரிப்போர்ட் வாங்கப் போனபோது. லீவு கிடையாது, செய்வதை யாரும் நம்பவும் மாட்டார்கள், அப்படி ஒரு வேலை. இதே வேலையில் இருக்கிற அக்கா தங்கச்சிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முதல் இரண்டு வார்த்தை

இடது மார்பில் ஊசி போட்டு எடுத்த சதையின் ரிப்போர்ட்டை டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார்கள். "புற்றுநோய் இல்லை. ஆனால் சில செல்கள் ஒழுங்கு மாறியிருக்கு. பின்னாடி நோய் வர்ற வாய்ப்பு உங்களுக்குக் கூடுதல். அந்த இடத்தை எடுத்து, பக்கத்தில் ஏதும் ஒளிஞ்சிருக்கான்னு பார்க்கணும். அதுக்கப்புறமும் விடாம பரிசோதனைக்கு வரணும்."

என் வீட்டுக்காரர் ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர். முதல் இரண்டு வார்த்தையோடு அவர் காது அடைத்துக்கொண்டது. படியிறங்கும்போது கேட்டார்: "இல்லாததை எங்கன இருந்துளா அறுத்து எடுப்பாவ?"

ஆமென்

எங்கள் தெருக் குடும்பங்கள் சேர்ந்து வாரம் ஒரு வீட்டில் ஜெபிப்போம், அன்பியம் என்போம். ஆபரேஷனுக்கு முந்தின வாரம் என் வீட்டு முறை. தலைவி மெற்றில்டா அக்காவிடம் மட்டும் விஷயத்தைக் காதோடு சொல்லியிருந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, இந்த மகளின் மார்பிலுள்ள புற்றுநோயைச் சுட்டெரியும்" என்று தெருமுனை வரை கேட்க ஜெபித்தார். எல்லாரோடும் சேர்ந்து நானும் "ஆமென்" சொல்லிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது.

காப்பி கொடுக்கும்போது, "புற்றுநோய்னு நான் சொல்லலையேக்கா" என்றேன். தம்ளரை வாங்கிக்கொண்டே அவர் சொன்னது: "ஏளா, சின்ன சீக்குன்னா எவ முழங்கால் போடுவா?"

நன்றித் திருப்பலி

அறுத்துப் பார்த்ததில் வேறு எதுவும் ஒளிந்திருக்கவில்லை. ஆறு மாதத்தில் வரச் சொன்னார்கள். தெருவுக்கு "ஒண்ணுமில்லை" என்பது மட்டும் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஞாயிறு கோயிலில் அறிவிப்பு: புற்றுநோயிலிருந்து பூரண சுகம் பெற்ற சகோதரிக்காக நன்றித் திருப்பலி. பூசை முடிந்து ஆள் ஆளாக வந்து என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஜாக்கெட்டுக்குள் தையல் இழுத்தது. பீடத்தின் முன்னால் ஒரு பொய்யாக நான் நின்றேன். மறுத்தால் ஜெபித்தவர்களுக்கு அவமானம். எல்லாரையும் கும்பிட்டு நன்றி சொன்னேன். இன்றுவரை என் மேலேயே எனக்குக் கோபம்.

எதிர்வீட்டுக்காரி என் கொண்டையைத் தடவிப் பார்த்தாள்: "ஒத்த முடி உதிரலை பாருங்க, இதுல்லா ஆண்டவர் செஞ்ச புதுமை."

ஆறாம் மாதம்

பரிசோதனைக்குக் கிளம்பி பஸ்ஸுக்கு நின்றேன். மெற்றில்டா அக்கா வந்து மறித்தார். "ஆண்டவர் குணமாக்கினதை மெஷினை வச்சு சரிபார்க்கப் போறியாக்கும்? நாங்க கோயில்ல சொன்ன சாட்சி என்னாவும்?"

மூணு விரல் நீளத் தழும்பு எனக்கு. கவலை அவர் சாட்சிக்கு. என் ஆயுசில் ஒருத்தரையும் எடுத்தெறிந்து பேசியதில்லை. அன்று பேசினேன். "ஜெபமாலை சொல்லிட்டுத்தான்க்கா போறேன். ஆண்டவரோட எனக்குச் சண்டை இல்லை, உங்களோடதான்." பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்தில் ஆலந்தலை ஊர்க்காரி ஒருத்தி. என்னுடையது போலவே ரிப்போர்ட் வந்து, அறுத்து எடுத்தபின் ரெண்டு வருஷம் வராமல் இருந்துவிட்டாளாம். இப்போது கட்டி. "எனக்கும் இல்லைன்னுதான் சொன்னாவ. வீட்ல எல்லாரும் சந்தோஷப்பட்டாவ, நானும் அப்படியே இருந்துட்டேன்" என்றாள்.

எனக்கு அன்று மாற்றம் ஏதும் இல்லை. அடுத்த ஆறு மாதத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

ஆக, ஆண்டவரும் டாக்டரம்மாவும் என்னைக் கைவிடவில்லை, என் சுகத்தைக் கொண்டாடியவர்களிடமிருந்துதான் தப்பித்து வர வேண்டியிருந்தது. உங்கள் தெருவில் ஒருத்தி இப்படிக் கிளம்பி நின்றால், எதற்கென்று கேட்காமல், பஸ் வரும்வரை கூட நில்லுங்கள்.