"என் பிள்ளைதான் மேடம்"

காரைக்குடியில் ஒரு பள்ளிக்கு ஒன்றாம் வகுப்பு ஆசிரியை தேவைப்பட்டார். கைக்குழந்தைக்காரி என்றால் எடுக்கமாட்டார்கள் என்று பயந்து, எனக்குக் குழந்தையே இல்லை என்று சொல்ல முடிவுசெய்திருந்தேன். நேர்காணலன்று பார்த்து மாமியாருக்குக் காய்ச்சல். ஏழு மாத மகளைத் தூக்கிக்கொண்டு கண்டனூரில் பஸ் ஏறினேன்.

பள்ளி வராந்தாவில், அதே வேலைக்கு வந்திருந்த ஒரு பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன். "பிள்ளைய எங்கிட்டக் குடுத்துட்டுப் போங்க, பதறாதீக" என்று கை நீட்டினார்.

நேர்காணல் நன்றாகவே போனது. குழந்தை உண்டா என்றார்கள். "இல்லை" என்றேன். அப்போதுதான் வெளியே மகள் வீறிட்டாள். தலைமையாசிரியை கதவைத் திறந்து, "யார் குழந்தை இது?" என்றார்.

"என் பிள்ளைதான் மேடம்."

வேலை போய்விடுமென்று நான் மறைத்ததை, அடுத்து உள்ளே வரவேண்டிய அந்தப் பெண் தன் தலையில் போட்டுக்கொண்டார். என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"இல்லை மேடம், அவள் என் மகள்" என்று எழுந்தேன்.

வேலை அவருக்குக் கிடைத்தது. அதில் எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால், அது இன்னொரு பொய். ஆனால் இந்த ஜூனில் என் மகள் ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள். அந்த டீச்சரிடம்தான் சேர்த்திருக்கிறேன்.