கிளட்சில் இரண்டு விரல்

இன்று கிருத்திகை. மனைவியை ஏற்றிக்கொண்டு வடக்குப்பட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குக் கிளம்பினேன். ஒரு மாதமாகவே வண்டி ஆயிலைக் குடித்துவிட்டு நீலப் புகையாகக் கக்குகிறது.

மெக்கானிக் போன வாரமே சொல்லிவிட்டார்.

"இஞ்சின்ல பிஸ்டன் ரிங்கு தேஞ்சு போயிடுச்சு சார். ஆயில் தீந்தா இஞ்சின் ஜாமாகி பின்சக்கரம் பூட்டிக்கும். டக்குனு கிளட்சைப் புடிக்கலன்னா தூக்கிப் போட்டுடும்."

கிருத்திகை முடியட்டும் என்று விட்டுவிட்டேன். அவளிடம் மூச்சுவிடவில்லை. வழியெல்லாம் இரண்டு விரல் கிளட்சிலேயே இருந்தது.

ஏரிக்கரை வளைவில் இஞ்சின் நின்றது, பின்சக்கரம் கிறீச்சிட்டு இழுத்தது. எப்படியோ கிளட்சைப் பிடித்துவிட்டேன். வண்டி உருண்டு ஓரத்தில் நின்றது. பின்னால் வந்த லாரி என் முழங்கையை உரசாத குறையாகப் போனது.

"பெட்ரோல் தீந்துடுச்சு," என்றேன்.

"இன்னாத்துக்குப் பொய் சொல்றீங்க? மெக்கானிக் பொண்டாட்டி எங்கிட்ட எல்லாம் சொல்லிடுச்சு. வடக்குப்பட்டுலேருந்து குதிக்கத் தயாராத்தான் உக்காந்துகினு வரேன்."

வழக்கமாக என் தோளைப் பிடித்துக்கொள்பவள், இன்று ஏன் பிடிக்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

உங்கள் வண்டியில் எப்படி? பின்னால் இருப்பவர் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறாரா?