அப்பா துவைத்த விரிப்புகள்

மலையில் மற்ற வீடுகளில் படுக்கை விரிப்பை மாதத்துக்கு ஒரு முறை துவைப்பார்கள். கொஞ்சம் சுத்தம் பார்க்கிறவர்கள் பதினைந்து நாளுக்கு ஒரு முறை. மழை மாதங்களில் அதுவும் கிடையாது. மூடுபனியில் துவைத்துப் போட்டது காய நாலு நாள் ஆகும், அதற்குள் பூஞ்சை வாடை வந்துவிடும். எங்கள் வீட்டில் மட்டும் நாலு விரிப்பையும் தினமும் துவைத்தோம். துவைத்தோம் என்று நான் சொல்லக்கூடாது. துவைத்தது அப்பா. காரணம் நான்.

பதிமூன்று வயது வரைக்கும் நான் படுக்கையை நனைத்தேன். இன்றைக்கு இதை எழுத எனக்குக் கூச்சமில்லை. அன்றைக்கு இது வெளியே தெரிந்தால் செத்துப்போவேன் என்று நிஜமாகவே நம்பினேன்.

அப்பா பெயர் ஸ்தனிஸ்லாஸ். ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் களத்து மேஸ்திரி. பறித்த பழத்தைச் சிமெண்டுக் களத்தில் கொட்டிக் காயவைத்து, மழைத்துளி விழுவதற்குள் வாரிக் கூட்டுவது அவர் வேலை. ஒல்லியான ஆள். பேச்சு குறைவு. ஆனால் எதை எப்போது உலர்த்தலாம் என்று வானத்தை அண்ணாந்து பார்த்துச் சொல்வதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. அம்மா ஜெயமேரிக்கு மூச்சிழுப்பு உண்டு, பச்சைத் தண்ணீரில் கை வைக்க முடியாது. அதனால் ஆண்பிள்ளை துவைக்கிறாரே என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. தினமும் ஏன் துவைக்கிறார் என்றுதான் கேட்டார்கள். அதற்கும் அவர்களே பதில் வைத்திருந்தார்கள்: மேஸ்திரிக்குச் சுத்தப் பைத்தியம்.

கோயிலில் முதல் மணி அடிப்பதற்கு முன்னால் அப்பா எழுந்துவிடுவார். முதலில் என்னை எழுப்பி, மாற்றுப் பாவாடையைக் கையில் கொடுத்துப் பின்பக்கம் அனுப்புவார். அப்புறம் என் விரிப்பை உருவுவார். அதோடு விட்டால் என் அண்ணன் மனுவேலுக்குத் தெரிந்துவிடும் அல்லவா? அதனால் தூங்குகிறவனை அப்படியே ஒரு பக்கமாக உருட்டிவிட்டு அவன் விரிப்பையும் உருவுவார். பிறகு அம்மாவுடையது, தன்னுடையது. நாலும் ஒரே காடாத் துணியில் கிழித்தது. ஒரு நூல் அடையாளம் கூடக் கிடையாது. வாளிக்குள் போன பிறகு எது யாருடையது என்று அந்த ஆண்டவரே இறங்கி வந்தாலும் சொல்ல முடியாது.

சுடுதண்ணீரில் போடக்கூடாது, வாடை துணியிலேயே ஊறிவிடும் என்பார். முதலில் பச்சைத் தண்ணீரில் இரண்டு முறை அலசல். அப்புறம் சலவைச் சோடா, பார் சோப்பு. கடைசி அலசலில் கமலா ஆரஞ்சுத் தோலை ஊறவைத்த தண்ணீர். மழைக்காலத்தில் கரி அடுப்பின் மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் விரிப்பைப் போர்த்தி உலர்த்துவார். எப்படிப் பார்த்தாலும் நாலில் ஒன்று காயாது. நன்றாகக் காய்ந்தது அம்மாவுக்கு, அடுத்தது எனக்கு, அதற்கடுத்தது அண்ணனுக்கு. காயாததில் அப்பா படுத்துக்கொள்வார். எங்கள் படுக்கையில் எப்போதும் கமலா வாசமும் கொஞ்சம் புகை வாசமும் இருந்தன. இன்றும் எங்கேயாவது கமலா உரித்தால் எனக்குத் தூக்கம் வரும்.

அந்தத் தூக்கத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே கனவுதான். ஏரிக்கரையில் நிற்பேன். பனி தண்ணீரின் மேல் படுத்திருக்கும். படகு எதுவும் இருக்காது. எதிர்க்கரையும் இருக்காது. நான் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்குவேன். தண்ணீர் கணுக்காலில், முழங்காலில், இடுப்பில் என்று வெதுவெதுவென்று ஏறும். அவ்வளவு சுகத்தை அதற்குப் பிறகு நான் எதிலும் கண்டதில்லை. பனிக்குள் யாரோ வெள்ளைத் துணியை விரித்துக்கொண்டே போவார்கள், நான் பின்னாலேயே நடப்பேன். ஏற்காட்டு ஏரி எந்த மாதத்தில் வெதுவெதுப்பாக இருந்திருக்கிறது? அதை வைத்தாவது கனவு என்று தெரிந்துகொண்டிருக்கவேண்டும். மரமண்டை, ஒரு நாளும் தெரிந்துகொள்ளவில்லை.

அம்மா எள்ளுருண்டை செய்து கொடுத்தாள். செம்மநத்தத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் கயிறு மந்திரித்துக் கட்டினார். நான் எள்ளுருண்டையைத் தின்றுவிட்டு, கயிற்றையும் நனைத்தேன்.

எழுபத்தாறாம் வருஷம் செப்டம்பரில் மாதா திருநாள் வந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது. கோயில் பீடத்துத் துணிகளை வழக்கமாகத் துவைக்கிற அற்புதத்துக்கு அந்த வாரம் விரலில் நகச்சுத்தி. தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. மலையிலேயே வெள்ளையாகத் துவைக்கிற வீடு எது என்று யோசித்தால் யாருக்கும் எங்கள் வீடுதானே ஞாபகம் வரும்? துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு அந்த அம்மாள் விடிந்தும் விடியாமலும் எங்கள் வீட்டுப் பின்பக்கம் வந்துவிட்டாள்.

பனியில் ஆள் வருவதே தெரியவில்லை. அப்பா என் விரிப்பைக் கையில் விரித்துப் பிடித்திருந்தார். நான் மாற்றுப் பாவாடையைக் கையில் வைத்துக்கொண்டு, ஈரப் பாவாடையோடு தொட்டிப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

“மேஸ்திரி, நீங்க எந்திரிச்சிருப்பீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க” என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள். மூக்கைச் சுளித்தாள். “ஏனுங்க, இதென்னங்க வாடை?”

அவள் கண் விரிப்பில் இருந்த மஞ்சள் வட்டத்துக்குப் போனது. அங்கிருந்து மெல்ல என் பக்கம் திரும்ப ஆரம்பித்தது. அது என்னிடம் வந்து சேர்வதற்குள் அப்பா பேசிவிட்டார்.

“என்னோடதுங்கக்கா.”

“எதுங்க?”

“இந்த ஈரம். தூக்கத்துல தெரியறதில்லைங்க. நொம்ப வருசமாவே இப்படித்தானுங்க. பாவம் இந்தப் புள்ள, எனக்குத் தண்ணி ஊத்தி ஊத்தி அது பாவாடையெல்லாம் நனஞ்சு நிக்குது பாருங்க.”

அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதேயில்லை. அற்புதம் என்னைப் பார்த்து, “அப்பனுக்கு ஒத்தாசை பண்ற புள்ள, நல்லா இருப்பே கண்ணு” என்றாள். பிறகு மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். “கோயில் துணிங்க... நானே எப்படியாச்சும் பாத்துக்கறேனுங்க” என்று வந்த வழியே பனிக்குள் போய்விட்டாள்.

அற்புதம் கெட்டவள் இல்லை. நாலே பேரிடம்தான் சொன்னாள், அதுவும் யாரிடமும் சொல்லவேண்டாம் என்று சொல்வதற்காகச் சொன்னாள். திருநாளுக்குள் எஸ்டேட் முழுக்கத் தெரிந்துவிட்டது. மாதா சப்பரத்தின் முன்கொம்பு ஒன்றை வருஷா வருஷம் அப்பாதான் தோளில் தாங்குவார். அந்த வருஷம், “உடம்புக்கு முடியாதவரு, ஓரமா வாங்க மேஸ்திரி” என்று யாரோ மரியாதையாகவே அவர் கையில் ஒரு மெழுகுவர்த்தியைக் கொடுத்தார்கள். ஓரமாக நடந்து வந்தார். வெள்ளைக் கவுன் போட்ட சிறுமிகள் வரிசையில் நான் பூத் தூவிக்கொண்டு போனேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

களத்தில் அவருக்கு ‘ஈர மேஸ்திரி’ என்று பட்டப்பெயர் விழுந்தது. அண்ணன் பள்ளிக்கூடத்தில் அதற்காக ஒருவன் பல்லை உடைத்துவிட்டு வந்து, “ஆஸ்பத்திரிக்காச்சும் போய்த் தொலைங்கப்பா, என்னால வெளிய தலை காட்ட முடியலை” என்று அழுதான்.

“போறேன் சாமி” என்றார் அப்பா. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தேன்.

மறுவருஷம் நான் வயதுக்கு வந்தேன். ஏரிக் கனவு தானாகவே நின்றுபோனது. யாருடைய மருந்தும் இல்லை, மந்திரமும் இல்லை. சில காலைகளில் உலர்ந்த விரிப்பில் கண் விழித்து, எதையோ தொலைத்ததுபோலப் படுத்திருப்பேன். அந்த ஜூனில் என்னைச் சேலத்தில் ஹாஸ்டலில் சேர்த்தார்கள்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தபோது, விடியற்காலையில் பின்பக்கம் அலசுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். அப்பா தன்னுடைய ஒரே ஒரு விரிப்பைத் துவைத்துக்கொண்டிருந்தார். துவைத்ததைப் பின்பக்கம் போடவில்லை. பாதையில் போகிற எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வாசல் கயிற்றில் கொண்டுபோய்ப் போட்டார்.

“இன்னும் எதுக்குப்பா?” என்றேன்.

“நீ ஊட்ட விட்டுப் போனதும் இதும் நின்னுச்சுன்னா, அற்புதக்காவுக்கு விரல் விட்டு எண்ணத் தெரியாதா கண்ணு? இன்னும் கொஞ்ச நாளைக்கு ஓடட்டும்.”

“நான் சொல்லிடறேன்ப்பா.”

“வாயத் தொறந்தீன்னா பாரு. உனக்குக் கல்யாணம் ஆவட்டும். அப்பறம் எனக்குத் திடீர்னு கொணமாயிரும்” என்று சிரித்தார்.

அந்தக் கொஞ்ச நாள் பத்து வருஷம் ஓடியது. மழையோ பனியோ, ஒரு நாள் தவறாமல் முதல் மணிக்கு முன்னால் எழுந்து, நனையாத விரிப்பை நனைத்து, துவைத்து, வாசலில் தொங்கவிட்டார். லீவுக்கு வந்து போர்வைக்குள் சுருண்டு கிடக்கும்போதெல்லாம் அந்தச் சத்தம் பாதித் தூக்கத்தில் என் காதில் விழும். தப் தப்பென்று கல்லில் அறைகிற சத்தம். எழுந்து போய் வாளியைப் பிடுங்கவேண்டும் என்று நினைப்பேன். நினைத்துக்கொண்டே தூங்கிவிடுவேன்.

படிப்பு முடித்து மாரமங்கலத்தில் டீச்சர் ஆனேன். எண்பத்தேழில் எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பையன் தேவசிகாமணி, குப்பனூர்க்காரர், அவரும் வாத்தியார். தன் அம்மா ஞானசுந்தரியோடு பெண் பார்க்க வந்தார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதை மறைப்பானேன்? அப்பா அம்மாவுக்கு அதைவிடப் பிடித்திருந்தது.

அன்று காலை அம்மா அப்பாவிடம் கெஞ்சினாள். “இன்னைக்கு ஒரு நாளைக்கு அந்தக் கயித்துல போட வேண்டாமுங்க.”

“இன்னைக்கு மட்டும் காணோம்னா ஒளிச்சு வெச்சுட்டோம்னு ஆயிரும்” என்று சொல்லி, வழக்கம்போல வாசலிலேயே போட்டார்.

நான் காப்பித் தட்டோடு வந்தபோது ஞானசுந்தரி அம்மாள் பேசிக்கொண்டிருந்தார். நயமான குரல். “தப்பா நெனச்சுக்காதீங்க. உங்களுக்கு நொம்ப வருசமா ஒரு கோளாறு இருக்குதுன்னு மலையில சொன்னாங்க. அது வம்சத்துல வர்றதுங்களா?”

“இல்லைங்க. எங்கப்பன், தாத்தன் ஒருத்தருக்கும் கெடையாதுங்க. புள்ளைகளுக்கும் இல்லைங்க. அது என்னோட போயிருமுங்க.”

“இன்னும் இருக்குதுங்களா?”

கதவு திறந்திருந்தது. வெளியே விரிப்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அப்பா அதைப் பார்த்தார். “இருக்குதுங்க” என்றார்.

பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு சிரிப்பு வந்து, அதை அடக்கிக்கொண்டார். கெட்ட சிரிப்பு என்று சொல்லமாட்டேன். ஐம்பத்தைந்து வயது ஆள் பாயை நனைக்கிறார் என்று கேட்டால் யாருக்கும் வரக்கூடிய சிரிப்புதான். ஆனால் அப்பா அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நான் தட்டைக் கீழே வைத்தேன்.

“அது அப்பா இல்லைங்க. நான்.”

“சும்மா சொல்லுதுங்க” என்று அப்பா பதறி எழுந்தார். “உள்ள போ கண்ணு.”

“பதிமூணு வயசு வரைக்கும் நான்தானுங்க நனைச்சேன். அப்பா ஒரு நாளும் நனைச்சதில்லைங்க. அந்தக் கயித்துல சொட்டறது வெறும் பச்சைத் தண்ணிங்க. எம்பேர் வெளிய வரக்கூடாதுன்னு தெனமும் துவைக்கறாருங்க.”

அம்மாவின் இழுப்புச் சத்தம் மட்டும் கேட்டது. ஞானசுந்தரி அம்மாள் காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்தார். எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, அப்பாவிடம் கேட்டார்: “பத்து வருசமாங்களா?”

அப்பா தரையைப் பார்த்தார்.

“பதினொண்ணுங்க” என்றார்.

ஊட்டுல கலந்துக்கிட்டு லெட்டர் போடறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். லெட்டர் வரவில்லை. அப்பா என்னோடு பேசவில்லை. சாயங்காலம் அடுப்படியில் வந்து நின்றவர், “இத்தன வருசத்த ஒரு நிமிசத்துல கவுத்துப்போட்டியே” என்றார். சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டார். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் நான் செய்தது தப்பு என்று மட்டும் தோன்றவேயில்லை.

மறுநாள் முதல் மணி அடித்து, இரண்டாம் மணியும் அடித்தது. பின்பக்கம் ஒரு சத்தமும் இல்லை. பயந்து எழுந்து ஓடினேன். அம்மா உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். வாயைத் திறந்து, ஒரு கையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு, சின்னதாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இருபத்து மூன்று வருஷத்தில் அப்பா தூங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். வெயில் அவர் முகத்துக்கு ஏறிவந்தது. நான் போய் ஜன்னலைச் சாத்தினேன்.