கரையான் புற்றின்மேல் நானூற்றுப் பதினொரு நாள்

கமுகாஷா தன் வாழ்நாளில் எதையும் ஒன்பது நாளுக்கு மேல் விடாமல் செய்ததில்லை. காலையில் ஓடப்போகிறேன் என்றார். பத்தாம் நாள் முழங்கால் வலி. தேநீரில் சர்க்கரையை விட்டார். பத்தாம் நாள் யாரும் பார்க்காதபோது மூன்று கரண்டி போட்டுக் குடித்தார். இசிங்கிரோ பால் நிலையத்துக்கு வருகிற பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. ஊரார் பாலில் உள்ள தண்ணீரெல்லாம் அவருக்குத் தெரியும்; தன் உறுதியில் உள்ள தண்ணீர்தான் தெரியாது.

அப்படிப்பட்டவரைப் பிடித்து நிறுத்தியது ஒரு கைபேசி. மகள் கெமிகிஷா எல்லைக்கு அந்தப்புறம், தார் எஸ் சலாமில் நர்ஸ். அங்கே டியோ என்ற பையனைக் கட்டிக்கொள்ளப்போகிறேன் என்று அவள் சொன்ன அன்றே, சம்பந்தி வீட்டாரோடு பேச இவர் சுவாஹிலி கற்க ஆரம்பித்தார். கைபேசி தினமும் பத்து நிமிடம் பாடம் சொல்லும். எத்தனை நாள் விடாமல் படித்தார் என்று எண் காட்டும். ஒரு நாள் தவறினால் எண் சுழியாகிவிடும். அந்த எண் அவரைப் பேய் மாதிரிப் பிடித்துக்கொண்டது.

வாழைத்தோப்பு ஓரத்துக் கரையான் புற்றின்மேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். மாலை ஆறு மணிக்கு, மாடு கறக்கிற நேரத்தில், ஏறி நிற்பார். "என் மாமாவின் ஒட்டகம் கடிதம் எழுதுகிறது" என்று மேகத்துக்குச் சுவாஹிலியில் தெரிவிப்பார். பசுக்கள் திரும்பிப் பார்க்கும். யாராவது பேச வந்தால் ஆள்காட்டி விரலைத் தூக்குவார். தூக்கினால் வந்தவர் வாயை மூடிவிட வேண்டும். மழையிலும் ஏறினார். சித்தப்பாவின் குழியில் மண் தள்ளும்போதே நழுவிவந்து ஏறினார்.

மனைவி ஜெனினா புற்றின் அடியில் வந்து நிற்பாள்.

"கெமிகிஷா அப்பா, பிள்ளை ஒரு விஷயம் சொன்னா. அந்த டியோ வீட்டு ஆளுங்க..."

விரல் மேலே போகும். மூன்று முறை வந்து பார்த்தாள். மூன்று முறையும் விரல். போ, எனக்கென்ன என்று விட்டுவிட்டாள்.

பெண் கேட்டு வருகிறவர்களிடம் பேச வாய் சாமர்த்தியமுள்ள ஒருவரை அமர்த்துவது வழக்கம். அந்தச் சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் முஷாபேதான் வாய். அவரைக் கமுகாஷா வேண்டாமென்றார்.

"தார் எஸ் சலாம்காரங்ககிட்ட நீ எந்த மொழியிலய்யா பேசுவே? செக்போஸ்ட்ல சிப்பாய் அதட்டினதுதானே உனக்குத் தெரிஞ்ச சுவாஹிலி?"

"சரி அண்ணே. சாப்பிட மட்டும் வரேன். பின்வரிசையில ஓர் ஓரமா உக்காந்துக்கறேன்."

பேச ஆளில்லாத வீட்டில் தகப்பன் தடுமாறினால் பெண்ணின் மானமும் சேர்ந்து தடுமாறும். அது தெரிந்துதான் பால் நிலையமே திரண்டு பந்தலுக்கு வந்திருந்தது.

நானூற்றுப் பன்னிரண்டாம் நாள் மதியம் வண்டி வந்தது. முதலில் இறங்கியவர் டியோவின் அத்தை கொகுஷுபிலா. கமுகாஷா வாசலில் நின்று, "வாருங்கள், வந்ததில் மகிழ்ச்சி" என்று சுவாஹிலியில் வரவேற்றார். நன்றாகவே சொன்னார். பந்தல் கை தட்டியது. அத்தைக்கு உற்சாகம் வந்துவிட்டது. அவரும் சுவாஹிலியில் வழியில் பட்ட பாட்டையெல்லாம் கொட்டினார். அந்த வேகத்தில் கைபேசி என்றைக்கும் பேசியதில்லை. கொட்டி முடித்துப் பதிலுக்குக் காத்திருந்தார். பந்தலும் காத்திருந்தது. கமுகாஷாவின் வாயில் தயாராக இருந்தது ஒன்றுதான்.

"என் மாமாவின் ஒட்டகம் கடிதம் எழுதுகிறது."

அத்தை ஜெனினா பக்கம் திரும்பித் தன் தாய்மொழியில் கேட்டார்: "ஏம்மா, சம்பந்திக்கு உடம்பு சரியில்லையா? வெயில்ல நிக்கவெச்சுட்டீங்களா?"

பந்தலில் அது புரியாதவர் ஒருவருமில்லை. அவர்கள் ஹாயா ஜனங்கள். சொந்த ஊர் புக்கோபா பக்கம், எல்லையைத் தாண்டினால் எட்டும் தூரம். பாலுக்கும் வாழைக்காய்க்கும் அங்கேயும் இங்கேயும் ஏறக்குறைய ஒரே பேச்சு. தார் எஸ் சலாம் பையன் பிழைக்கப்போன இடம், அவ்வளவுதான்.

"அண்ணே, ஒட்டகத்துக்குப் பதில் கடிதம் யார் போடறது?" என்றார் முஷாபே, பின்வரிசையிலிருந்து.

கமுகாஷா மனைவியிடம் பல்லைக் கடித்தார். "இதை நீ சொல்லவே இல்லியே."

ஜெனினா ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டினாள்.

வழக்கப்படி இரு வீட்டாரிடையே பால் குடுக்கை கைமாறியது. பெண்ணுக்குப் பரிசமாக எத்தனை மாடு என்ற பேச்சும் நல்லபடியாக நடந்தது. சரியாக ஆறு மணிக்கு அவர் சட்டைப்பையில் கைபேசி கூவியது. பாதி எழுந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து அத்தை கேட்டார்: "பொண்ணோட அப்பா என்ன சொல்றாரு? சம்மதந்தானா?"

அவர் புற்றைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. உட்கார்ந்தார்.

"சம்மதம்" என்றார், தன் சொந்த மொழியில்.

மறுநாள் மாலை புற்றின்மேல் ஏறிப் பார்த்தால் எண் சுழி. ஜெனினா கீழே வந்து நின்றாள். பழக்கத்தில் விரல் பாதிவரை போயிற்று. மடக்கிக்கொண்டார்.

"சொல்லு."

"நானூத்துப் பன்னண்டு நாளா உங்க மாட்டை என் தம்பிதான் கறக்கறான். ஒரு நாள் விடலை. அவன் எண்ணி வெச்சுக்கலை, அவ்வளவுதான்."

கமுகாஷா இறங்கிவந்து பால் கலயத்தை வாங்கிக்கொண்டார். இனி தினமும் தானே கறக்கப்போவதாகப் பால் நிலையம் முழுக்கச் சொல்லிவைத்தார். சொன்னபடியே கறந்தார், ஒன்பது நாள். பத்தாம் நாள் முழங்கால் வலி.